பதில்: எண்ணூர் கழிமுகத்தில் ஆக்சிஜன் அளவு ஒத்துப்போகவில்லை

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் ஒரே இடத்தில் திங்களன்று லிட்டருக்கு 7 மி.கி., புதனன்று 3 மி.கி. வருகிறது, மீட்டர் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். மீட்டரைத் திட்டும் முன் நோட்டைப் பாருங்கள்: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், அப்போது ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) ஏற்றமா வற்றமா? இரவு முழுக்கப் பாசியும் மற்ற உயிர்களும் சுவாசிப்பதால் விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்துதான் இருக்கும். மதிய வெயிலில் பாசியே அதை ஏற்றிவிடும். ஓதமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் இரண்டு நாளும் சரியாகக் காலை 8 மணிக்கு எடுத்திருந்தாலும் அது ஒரே தண்ணீர் அல்ல.

மீட்டர் அளவை விங்க்ளர் முறையில் (ரசாயனம் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் முறை) ஒத்துப்பார்ப்பதாக இருந்தால் மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் படகிலேயே மாதிரிக் குப்பியில் சேர்த்துவிடுங்கள். லேபுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சோம்பல்பட்டு ஒரு மாத வேலையைத் தொலைத்தேன். குப்பியில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது.

அப்புறம், அடித்தரையையும் குறித்துக்கொள்ளுங்கள். மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் அயல் சிப்பி அங்கே கம்பளம்போல் படர்ந்திருக்கிறது. இறால் புதையும் சேறே அதற்கடியில் போய்விட்டது. சிப்பி மண்டிய இடமும் வெறும் சேறும் ஒரே கணக்கில் வராது.

மாதிரி எடுத்த நேரங்களை இங்கே போடுங்கள், ஓத அட்டவணையோடு பொருத்திப் பார்த்துச் சொல்கிறேன்.