காணிக்கை உறையில் ஒரு விலை, பத்திரத்தில் ஒரு விலை

கேள்வி: ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். நானும் என் கணவரும் விசுவாசக் குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பதினொரு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். சென்ற ஆண்டு என் மாமனார் வழியில் என் கணவருக்கு வந்த வீட்டு மனையை அவர் 22 லட்சத்துக்கு விற்றார். வாங்கியவர் கேட்டுக்கொண்டபடி பத்திரத்தில் 12 லட்சம் என்று எழுதி, மீதி 10 லட்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். அன்று இரவு நாங்கள் நோட்டுகளை எண்ணியபோது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகனும் கூட இருந்து எண்ணினான். முழு 22 லட்சத்துக்கும் கணக்கிட்டு 2,20,000 ரூபாயைத் தசமபாகமாகச் சபையில் செலுத்திவிட்டோம். போன மாதம் அவன் ரேங்க் கார்டில் கணித மதிப்பெண் 31 என்று இருந்ததை 81 ஆக மாற்றி, அப்பாவின் கையெழுத்தையும் தானே போட்டு, வகுப்பாசிரியரிடம் பிடிபட்டான். வீட்டில் அவர் கண்டித்தபோது, "நீங்க காணிக்கை உறையில ஒரு விலை, பத்திரத்துல ஒரு விலை எழுதலையா?" என்று கேட்டுவிட்டான். அவர் அடித்துவிட்டார். பெரியவர்கள் விவகாரம் வேறு, ஊரில் எல்லோரும் செய்வதுதான், அரசாங்கமே போட்ட வழிகாட்டி மதிப்பைத்தானே எழுதினோம் என்கிறார். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. பிள்ளையை எப்படித் திருத்துவது? நான் ஞாயிறு பள்ளியில் தொடர்ந்து பாடம் எடுக்கலாமா? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, குமரி மாவட்டம்)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனையை விற்றவர் "அவர்", ரொக்கம் வாங்கியவர் "அவர்", அடித்தவர் "அவர்" என்று எழுதிக்கொண்டு வந்த உங்கள் பேனா, நோட்டு எண்ணிய இடத்திலும் தசமபாகம் செலுத்திய இடத்திலும் தன்னை அறியாமல் "நாங்கள்" என்று எழுதியிருக்கிறது. குற்றம் பிடிக்க இதைச் சொல்லவில்லை. இந்தக் காரியத்தை உங்கள் கணவருடைய தவறாகவும் மகனுடைய தவறாகவும் பிரித்துவைத்து, நீங்கள் நடுவில் நின்று இருவரையும் திருத்தப் பார்த்தால் அது நடக்காது என்று எனக்குத் தோன்றுவதால் சொல்கிறேன்.

உங்கள் மகன் செய்தது தவறு. அவன் கேட்ட கேள்வி நியாயமானது. தன் தவறை மறைக்க அவன் அந்தக் கேள்வியைக் கேடயமாகப் பிடித்தான் என்பதால் அது பொய்க் கேள்வி ஆகிவிடாது; கேள்வி நியாயமானது என்பதால் அவன் தவறு இல்லாமலும் போய்விடாது. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் கழித்துவிடப் பார்ப்பதால்தான் உங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோயிருக்கிறது. (கணிதத்தில் 31 வாங்கிய பிள்ளை காணிக்கை உறையில் இருந்த தொகையைப் பத்தால் பெருக்கிப் பார்த்திருக்கிறான் என்பதையும் கவனித்தேன். அவனுக்குக் கணக்கு வராது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.)

உங்கள் கணவருடைய வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவர் ஒருவரே இப்படிப் பேசுகிறவர் இல்லை. ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருகிற பலர் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். வழிகாட்டி மதிப்பு என்பது இதற்குக் குறைத்து எழுதினால் கேள்வி கேட்போம் என்று பதிவுத்துறை போட்டுவைத்திருக்கும் கீழ் எல்லையே தவிர, மனையின் விலை அன்று. கைமாறிய விலை அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த விலையைத்தான் பத்திரத்தில் எழுத வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துப் பார்த்தால், எழுதாமல் விட்ட 10 லட்சத்துக்கு அரசுக்குச் சேரவேண்டிய 90,000 ரூபாய் சேரவில்லை. அந்த ஆதாயம் வாங்கியவருக்குப் போயிற்று. விற்றவருக்கு, சொத்தை விற்ற லாபத்தின் மேல் விழும் மூலதன ஆதாய வரி மிஞ்சியது, அது 12.5 சதவீதம் என்று கொண்டால் 1,25,000 ரூபாய். "எல்லோரும் செய்கிறார்கள்" என்பதில் உண்மை உண்டு. முழு விலையையும் எழுதினால்தான் விற்பேன் என்று நிற்பவருக்கு வாங்குபவர் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் ஒன்றிரண்டு லட்சம் குறைத்துக் கேட்பார் என்பதும் உண்மை. உத்தமமாய் நடப்பதற்குச் செலவு ஆகாது என்று நான் ஒருநாளும் பிரசங்கித்ததில்லை.

ஆனால் தசமபாகத்தை முழு விலைக்குக் கொடுத்தீர்கள். இந்த இடத்தில்தான் உங்கள் மகன் இடறியிருக்கிறான் என்று நினைக்கிறேன். சபைக்கும் குறைத்தே கொடுத்திருந்தால், அப்பாவுக்குப் பணத்தாசை என்று அவன் நினைத்துவிட்டுப் போயிருப்பான். கர்த்தருக்கு முன்பாக உண்மைத் தொகையும் சார்பதிவாளருக்கு முன்பாக வேறு தொகையும் எழுதியபோது, உண்மை என்பது ஆலயத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம் என்று அவனுக்குத் தெரியாமலே கற்றுக்கொடுத்துவிட்டோம். ஒற்தலாம் என்கிற புதினாவிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களைக் குறித்து ஆண்டவர் சொன்னதை (மத்தேயு 23:23) நீங்களே பலமுறை வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். "எவனுக்கு வரியைச் செலுத்தவேண்டியதோ அவனுக்கு வரியையும்" என்று பவுல் ரோமருக்கு எழுதியது, நம்முடைய அரசைவிட நல்ல அரசின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு இல்லை.

பிள்ளைகள் பெற்றோரின் வாயிலிருந்து கற்பதைவிடக் கையிலிருந்து அதிகம் கற்கிறார்கள் என்பதை வேதாகமம் ஓரிடத்தில் வியப்பான முறையில் காட்டுகிறது. கேராரிலே ஆபிரகாம் தன் உயிருக்குப் பயந்து, மனைவி சாராளைச் சகோதரி என்று சொன்னார். அப்போது அவர் மகன் ஈசாக்கு பிறக்கவே இல்லை. ஆண்டுகள் கழித்து, அதே கேராரில், அதே பயத்தால், ஈசாக்கும் தன் மனைவி ரெபெக்காளைச் சகோதரி என்றான் (ஆதியாகமம் 20, 26). ஈசாக்குக்கு இதை யார் சொன்னார்கள் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் போகும் இடமெங்கும் இப்படியே சொல்ல வேண்டும் என்று வீட்டைவிட்டுப் புறப்பட்ட நாளிலேயே சாராளிடம் பேசிவைத்திருந்ததாக ஆபிரகாமே ஒத்துக்கொள்கிறார். அது ஒருநாள் தடுமாற்றமாக இல்லாமல் குடும்பத்தின் ஏற்பாடாகவே இருந்தது. அத்தகைய ஏற்பாடுகளைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு முறையும் கடிந்துகொண்டவர், விசுவாசத் தகப்பன் எவரும் தம்மைக் கேள்வி கேட்கத் தகுதியுள்ளவராக எண்ணாத ஒரு புறஜாதி ராஜா என்பதையும் உங்கள் கணவர் யோசிக்கட்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ரயிலில் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. என் மூத்த மகளுக்கு ஐந்து வயது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்த சமயம், சென்னை போகும்போது, யாராவது கேட்டால் நாலு என்று சொல் என்று சொல்லிவைத்தேன். டிக்கெட் பரிசோதகர் கேட்கவே இல்லை. அரை டிக்கெட் காசு மிஞ்சியது. ஊருக்குத் திரும்பிய பிறகு பக்கத்து வீட்டம்மா வயதைக் கேட்டதற்கு, "ரயில்ல நாலு, பள்ளிக்கூடத்துல அஞ்சு" என்று பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்தார்கள். எனக்கு அன்று குடும்ப ஜெபத்தில் வாய் திறக்கவில்லை. அந்தப் பணத்தைப் பிறகு எப்படியோ ஈடுகட்டினேன். மகளிடம் "அப்பா தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்" என்று சொல்ல மட்டும் ஒரு வாரம் பிடித்தது.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மகனைத் திருத்துவதற்கு முன் உங்கள் இருவருக்குள் பேச வேண்டும், அதுவும் அவன் இல்லாத வேளையில். "உங்கள் பிள்ளையே கேட்டுவிட்டான் பாருங்கள்" என்று தொடங்காதீர்கள். மகனைச் சாட்சிக்கு இழுத்தால் அவர் மகனோடும் வழக்காடுவார், உங்களோடும் வழக்காடுவார். நானும் எண்ணினேன், எனக்கும் பங்கு உண்டு என்று தொடங்குங்கள். அதற்குப் பிறகு அவர் மகனிடம் சொல்ல வேண்டியது மூன்று வாக்கியத்துக்கு மேல் போகாது: நீ கேட்டது சரி, நாங்கள் செய்தது தவறு, உன்னை அடித்ததும் தவறு. "ஆனால்" என்று நான்காவது வாக்கியத்தைத் தொடங்க நாக்கு துடிக்கும். அன்று அதை அடக்கிக்கொள்ளட்டும். தகப்பன் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நம் பக்கத்தில் ஒரு பயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த வீடுகளில் மரியாதை போனது, எல்லோருக்கும் தெரிந்த தவறைத் தகப்பன் தெரியாததுபோல் நடித்தபோதுதான்.

மகனுடைய தவறுக்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். அது மறுநாள் நடக்கலாம். வகுப்பாசிரியரிடம் அவனே போய், மதிப்பெண்ணை மாற்றியதும் கையெழுத்துப் போட்டதும் நான்தான் என்று சொல்ல வேண்டும். உங்களில் ஒருவர் கூட நின்றால் போதும், அவனுக்காகப் பேச வேண்டாம், பள்ளி தரும் தண்டனையைக் குறைக்கச் சொல்லிச் சிபாரிசுக்கும் போக வேண்டாம். வீட்டில் அதற்கு மேலே விளையாட்டைப் பிடுங்குவதும் போனைப் பிடுங்குவதும் தேவையில்லை என்பது என் எண்ணம். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயருக்கு எழுதப்பட்டிருப்பது நம் போன்ற தகப்பன்மாருக்குத்தான். 31 வாங்கியதை வீட்டில் சொல்ல ஏன் பயந்தான் என்பதைத் தனியாகக் கேளுங்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் நீங்களாகவும் இருக்கலாம்.

தகப்பன் கண்டிக்கவே கூடாதா என்றால், ஆசாரியனான ஏலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏலி தன் குமாரரைக் கண்டிக்காதவர் என்று பொதுவாகச் சொல்கிறோம். அவர் கண்டித்தார், 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்தில் அந்தப் பேச்சு இருக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில் கர்த்தர், காணிக்கைகளில் முதன்மையானவற்றைக்கொண்டு "உங்களை" கொழுக்கப்பண்ணினீர்கள் என்று ஏலியையும் சேர்த்தே சொல்கிறார். பிள்ளைகள் ஜனங்களின் பலியிலிருந்து பிடுங்கிவந்த இறைச்சி தகப்பனுடைய தட்டிலும் விழுந்துகொண்டிருந்தபோது, அவருடைய கண்டிப்பில் எலும்பு இல்லாமல் போயிற்று. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன் என்று ஊரைக் கூட்டிக் கேட்கத் துணிந்த சாமுவேலின் குமாரரே பரிதானம் வாங்கினார்கள். ஆகவே நீங்கள் சரியாக நடந்தால் பிள்ளை சரியாக வருவான் என்று நான் உறுதி எழுதித் தர முடியாது.

பணத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைத் தொடாமல் மகனிடம் பேசும் எந்தப் பேச்சும் அவன் காதில் ஏறாது. விட்டுப்போன வருமானத்தைத் தாமாகவே காட்டிக் கூடுதல் வரியுடன் வருமானவரி விவரம் தாக்கல் செய்ய, 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பின் நான்கு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. கூடுதல் வரி முதல் ஆண்டில், கட்டவேண்டிய வரியிலும் வட்டியிலும் 25 சதவீதம். தாமதிக்கத் தாமதிக்க 70 சதவீதம் வரை ஏறும். மோசேயின் நியாயப்பிரமாணமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது: தானாக வந்து அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் (லேவியராகமம் 6), ஆட்டைத் திருடி விற்றவனோ ஒன்றுக்கு நான்கு கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவனாகிய சகேயு தானாகவே முன்வந்தவன், ஆனாலும் திருடனுக்குரிய நாலத்தனையை (நான்கு மடங்கை)த் தன்மேல் போட்டுக்கொண்டான். ஒரு எச்சரிக்கை: மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது, வாங்கிய தொகைக்குச் சமமான அபராதத்துக்கும் அதில் இடம் உண்டு. ஆகையால் உணர்ச்சிவசப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாமல், பத்திர நகலோடும் பாஸ்புக்கோடும் ஒரு நல்ல ஆடிட்டரை இருவருமாகச் சென்று பாருங்கள். பத்திரத்தைத் திருத்த வாங்கியவரும் சம்மதிக்க வேண்டும்; அவரிடம் பேசிப் பாருங்கள், ஆனால் அவர் பெயரைச் சபையில் இழுக்க வேண்டாம். அவருடைய மனசாட்சிக்கு அவரே பொறுப்பு.

என்ன முடிவு செய்தீர்கள், அதற்கு எவ்வளவு செலவாயிற்று என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். தொகையையும் சொல்லுங்கள், நோட்டு எண்ண அழைத்த பிள்ளையை இதற்கு மட்டும் சிறுவன் என்று ஒதுக்கக் கூடாது. "இயேசப்பா கோபப்படுவார்" என்று மிரட்டி வளர்க்கும் வயதை அவன் தாண்டிவிட்டான். உபாகமம் ஆறாம் அதிகாரம் வசனங்களைப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும் முன், அவை முதலில் "உன் இருதயத்தில்" இருக்க வேண்டும் என்கிறது. பிறகு வீட்டிலும் வழியிலும் பேசச் சொல்கிறது. சார்பதிவாளர் அலுவலகமும் அந்த வழியில்தான் இருக்கிறது.

ஞாயிறு பள்ளியை விட வேண்டாம். தவறே செய்யாதவர்தான் பாடம் எடுக்க வேண்டுமென்றால் நம் சபைகளில் வகுப்பறைகள் பூட்டியே கிடக்கும். ஆயினும் ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வரும்வரை இரண்டு மூன்று வாரம் வேறொரு ஆசிரியையிடம் வகுப்பைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருங்கள். காரணம் கேட்டால், வீட்டில் ஒரு காரியத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று சொன்னால் போதும்.