ஒயின் பாட்டிலில் ‘பரோசா’ என்றும் ‘பரோசா வேலி’ என்றும் போடுகிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. நானும் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகருக்கு வந்த புதிதில் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். படிக்கும்போது கைச்செலவுக்காக ஒரு அறுவடை சீசன் முழுக்க பரோசாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன், அப்போதுதான் விஷயம் புரிந்தது.

பரோசா வேலி என்பது அடிலெய்டுக்கு வடகிழக்கே, காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்கிற தூரத்தில் இருக்கும் பள்ளத்தாக்கு. (தமிழில் எழுதினால் முள்வேலி மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) கோடையில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு, மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். அந்த வெயிலில் ஷிராஸ் திராட்சை நன்றாகப் பழுத்துச் சர்க்கரை ஏறிவிடும், அதனால் ஒயினும் கருஞ்சிவப்பாக, கனமாக, ஆல்கஹால் 14 சதவீதத்துக்கு மேலே வரும். பகல் சூட்டில் பறித்தால் பழம் கெடும் என்று நடுராத்திரியில் மெஷினை ஓட்டுவார்கள், நான் தூக்கக் கலக்கத்தில் பின்னாலேயே ஓடுவேன்.

அதை ஒட்டிக் கிழக்கே மேட்டில் இருப்பது ஈடன் வேலி. 400, 500 மீட்டர் உயரம், நல்ல குளிர்ச்சி, அங்கே ரீஸ்லிங் என்கிற வெள்ளைத் திராட்சை ரகம் பிரமாதமாக வரும். இவை இரண்டும் புவிசார் குறியீட்டில் தனித்தனி வட்டாரங்கள், இரண்டையும் உள்ளடக்கிய பெரிய மண்டலத்தின் பெயர்தான் வெறும் ‘பரோசா’. லேபிளில் ‘பரோசா வேலி’ என்று போட வேண்டுமானால் குறைந்தது 85 சதவீதத் திராட்சை அந்தப் பள்ளத்தாக்கிலேயே விளைந்திருக்க வேண்டும். மேட்டுப் பழத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால் ‘பரோசா’ என்று போட்டுக்கொள்ளலாம், அது மட்டம் என்று அர்த்தமில்லை, எனக்கு அந்தக் கலவைதான் பிடிக்கும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், இது பிரான்ஸ் முறை இல்லை. அங்கே எந்த ரகம் நடலாம், ஏக்கருக்கு எவ்வளவு விளைவிக்கலாம் என்பது வரை சட்டம் சொல்லும். ஆஸ்திரேலியாவில் குறியீடு வெறும் எல்லைக்கோடு, பழம் எங்கே விளைந்தது என்பதற்கு மேல் ருசிக்கோ தரத்துக்கோ உத்தரவாதம் இல்லை. பரோசா வேலியின் கோடு 1997இல் பதிவானது. அந்தப் பெயரே எழுத்துப்பிழை என்பது தனிக் கூத்து: 1837இல் அடிலெய்டு நகரைத் திட்டமிட்ட கர்னல் லைட், ஸ்பெயினில் போர் நடந்த ‘பர்ரோசா’ என்ற இடத்தின் நினைவாக வைத்தது, எழுதும்போது மாறிப்போய் அப்படியே நிலைத்துவிட்டது.

அப்புறம், நேரில் போனால் போட்டோ எடுக்கிறேன் என்று கொடி வரிசைக்குள் இறங்கிவிடாதீர்கள். திராட்சை வேரை அழிக்கும் ஃபில்லாக்ஸெரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இதுவரை வரவில்லை, அதனால்தான் 1843இல் நட்ட கொடிகள்கூட இன்னும் அங்கே காய்க்கின்றன. அந்தப் பூச்சி செருப்பு மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தோட்டக்காரர்கள் பார்த்தால் திட்டுவார்கள், முதல் நாளே நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.