வாசகர் கேள்வி – பதில்: பருத்தி வயல்களுக்கு நடுவே எழுந்த பள்ளிகள்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளுக்காக யூத வணிகர் ஒருவர் ஆயிரக்கணக்கான பள்ளிகளைக் கட்டிக் கொடுத்தார் என்று ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டேன். இது உண்மையா?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: உண்மைதான், ஆனால் 'கட்டிக் கொடுத்தார்' என்பதை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதத் துணிக்கடைக்காரரின் மகனாக 1862இல் பிறந்து, சிகாகோவின் சியர்ஸ் ரோபக் என்னும் அஞ்சல்வழி விற்பனை நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தவர். அடிமையாகப் பிறந்து, அலபாமாவில் டஸ்கிகீ கல்வி நிலையத்தை உருவாக்கி வளர்த்த புக்கர் டி. வாஷிங்டனை அவர் 1911இல் சந்தித்தார். நூற்றாண்டுக் கணக்கில் துரத்தப்பட்ட யூதர்களுக்கு இன வெறுப்பின் கொடுமை மற்றவர்களைவிட ஆழமாக உறைக்கும் என்பது ரோசன்வால்டின் எண்ணம். மறு ஆண்டு, தம் 50ஆம் பிறந்தநாளை ஒட்டி, அவர் டஸ்கிகீக்கு 25,000 டாலர் அளித்தார். அதில் ஒரு பகுதியைக் கொண்டு ஆறு சிற்றூர்ப் பள்ளிகளைக் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டதிலிருந்து தொடங்கியதுதான் இந்தத் திட்டம்.

முழுச் செலவையும் ரோசன்வால்ட் ஏற்கவில்லை. ஊரார் தம் பங்கைத் திரட்டியாக வேண்டும், கல்வி வாரியமும் பணம் போட வேண்டும் என்பது நிபந்தனை. 1932 வரை 15 மாநிலங்களில் எழுந்த 5,300க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்கு ஆன செலவு சுமார் 2.8 கோடி டாலர். அதில் ரோசன்வால்ட் நிதி தந்தது ஏறத்தாழ 43 லட்சம். கறுப்பின மக்கள் தந்தது ஏறத்தாழ 47 லட்சம். பெரும்பாலும் நிலக்காரருக்கு விளைச்சலில் பங்கு தந்து, வாரத்துக்குப் பயிர் செய்து, கடனிலேயே ஆண்டை முடித்த குடும்பங்கள் அவை. பள்ளிக்கென்று ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விளைவித்து விற்றார்கள். பெண்கள் உணவு சமைத்து விற்றார்கள். காசில்லாதவர்கள் மரம் வெட்டித் தந்தார்கள், கட்டட வேலைக்கு வந்து நின்றார்கள். இந்த வரலாற்றில் நான் முதலில் வணங்குவது அவர்களைத்தான்.

கட்டடங்களிலும் அந்த அக்கறை தெரியும். மின்சாரம் எட்டாத ஊர்கள் என்பதால், காலையும் மாலையும் வெயில் உள்ளே வரும்படி கிழக்கு மேற்காக உயரமான சன்னல்களை வரிசையாக வைத்தார்கள். எழுதும் கையின் நிழல் தாளில் விழாதிருக்க, பிள்ளைகளின் இடப்பக்கமிருந்து ஒளி வருமாறு மேசைகளைப் போட்டார்கள்.

கேள்வி: கறுப்பினத்தாருக்கென்று தனிப் பள்ளி கட்டியது, இனப் பிரிவினைக்குத் துணைபோனது ஆகாதா?
– வாசகர் ஒருவர், கோவை

பதில்: நியாயமான கேள்வி. பிரிவினைச் சட்டங்களை இத்திட்டம் எதிர்த்து நிற்கவில்லை. வரி கட்டியும் தங்கள் பிள்ளைகளுக்கு உரிய பங்கு கிடைக்காத மக்கள், அதே பள்ளிக்காக மீண்டும் கைக்காசு போட நேர்ந்தது அநீதிதான். ஆயினும், அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிப் பிரிவினையைச் செல்லாது என்று அறிவித்தது 1954இல். 1913இல் ஆறு வயதான குழந்தை அதுவரை காத்திருக்க முடியாது. 1928 அளவில் தென்மாநிலச் சிற்றூர்களின் கறுப்பின மாணவர்களில் மூவரில் ஒருவர் ரோசன்வால்ட் பள்ளியில் இருந்தார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கேள்வி: அப்பள்ளிகளில் படித்துப் புகழ்பெற்றவர் யாரேனும் உண்டா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: கவிஞர் மாயா ஏஞ்சலோ உண்டு. அலபாமாவின் பைக் வட்டாரத்தில் வாரக் குடியானவரின் மகனாகப் பிறந்த உரிமைப் போராளி ஜான் லூயிஸும் உண்டு. கறுப்பினத்தாருக்கு வாக்குரிமை கேட்டு 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தை ஊர்வலமாகக் கடந்தபோது, காவலர்களின் தடியடியில் லூயிஸின் மண்டை உடைந்தது. இரண்டு வாரம் கழித்து, மார்ச் 21 அன்று, மார்ட்டின் லூதர் கிங்கோடு அவர் மீண்டும் அதே பாலத்தில் நடந்தார். அன்று முன்வரிசையில் அவர்களுடன் நடந்த வெண்தாடிக்காரர், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த யூத மதகுரு ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல்.