தகரக் கூரை வீட்டில் பேய்ப் படம்: எதைப் போடலாம், எதை விடலாம்?

கேள்வி: நாங்கள் கோத்தகிரி பக்கம் பழைய தோட்டத்து வீடு ஒன்றில் இருக்கிறோம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் அக்டோபர் 31 அன்று நான்கு தோழிகளோடு வருகிறாள். "ஹாலோவீன்மா, ராத்திரி பேய்ப் படம் பார்க்கணும், நீயே செலக்ட் பண்ணி வை" என்று உத்தரவு. வீட்டில் என் மாமியாரும் தங்கையின் ஒன்பது வயதுப் பையனும் உண்டு. மாமியாருக்குப் பேய்ப் படம் என்றாலே ஆகாது. மழை பிடித்தால் கரண்ட் போகும், நெட்டும் போகும். என்ன படங்கள் போடலாம்?

பதில்: முதலில் உங்கள் கூரையைப் பற்றிப் பேசிவிடுவோம், படம் அப்புறம்.

பேய்ப் படத்தில் பயம் பெரும்பாலும் காது வழியாகத்தான் வருகிறது. சந்தேகமாக இருந்தால் டிவியை மியூட் செய்துவிட்டு ஒரு காட்சியைப் பாருங்கள். யாரோ ஒருவர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மெதுவாக நடந்து போவார், அவ்வளவுதான். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் கிழக்குச் சரிவான கோத்தகிரி, குன்னூர் பக்கம்தான் பலமாக இறங்கும். தகரத்தின் மேல் அது கொட்ட ஆரம்பித்தால் படத்தில் கதவு கிறீச்சிடுவதும் மாடியில் யாரோ நகர்வதும் டிவியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அமைதியை வைத்தே பயமுறுத்தும் படம் அன்றைக்கு வீண். அதனால் மழை இல்லாத இரவுக்கு ஒன்று, மழை இரவுக்கு ஒன்று என்று இரண்டு தேர்வு கையில் இருக்கட்டும்.

மழை விட்டு வெறும் மஞ்சு மட்டும் இறங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், 2001-ல் வந்த 'தி அதர்ஸ்' போடுங்கள். நிக்கோல் கிட்மன் நடித்த ஆங்கிலப் படம். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல், இங்கிலாந்துக்குப் பக்கத்தில் ஜெர்சி தீவில் ஒரு பெரிய வீடு. வெயில் பட்டால் உடம்புக்கு ஆகாத இரண்டு குழந்தைகள். அதனால் ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்த கதவைத் திறக்கக் கூடாது, திரைச்சீலைகள் எப்போதும் மூடியே இருக்க வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டிருப்பாள். வெளியே மூடுபனி விலகுவதே இல்லை. ரத்தம் அனேகமாகக் கிடையாது, முகத்துக்கு நேரே பாயும் பேயும் கிடையாது. விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சாவிக் கொத்தோடு அவள் அறை அறையாகப் போவதே போதுமானதாக இருக்கும். இயக்குநர் அலெஹாந்த்ரோ அமெனாபார் இசையையும் தானே அமைத்தார். எங்கே இசையை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தோழிகளில் யாராவது ஏற்கெனவே பார்த்திருந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் நம் பக்கத்துப் படம் வேண்டுமென்றால் மலையாளத்தில் 2022-ல் நேராக ஓடிடியில் வெளியான 'பூதகாலம்'. ரேவதியும் ஷேன் நிகமும் அம்மா, மகன். ஒரு சாதாரண வீடு, ஒரு சாவு, வேலை கிடைக்காத பையன், மனச்சோர்வில் இருக்கும் அம்மா. முதல் பாதியில் வீட்டில் பேய் இருக்கிறதா, இல்லை இவர்கள் மனசுதான் கெட்டுக் கிடக்கிறதா என்று தெரியாது. பொறுமையாகப் பார்ப்பவர்களுக்கான படம் இது. கையில் பாப்கார்னோடு "பேய் எப்ப வரும்?" என்று கேட்கும் கூட்டத்துக்குப் போட்டால் பாதியில் ஃபோனை எடுத்துவிடுவார்கள். உங்கள் மகளின் கூட்டம் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மழை கொட்டினால் மழையே கதையில் இருக்கும் படமாகப் போடுங்கள். கூரைச் சத்தம் அப்போது உங்கள் பக்கம் சேர்ந்துகொள்ளும். 2009-ல் அறிவழகன் எடுத்த 'ஈரம்' இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஆவி தண்ணீர் வழியாக வருகிறது. குழாய், வாளி, தரையில் வழிந்து நகரும் ஈரம், கண்ணாடியில் இறங்கும் துளி என்று எல்லாமே சந்தேகத்துக்குரியதாகிவிடும். படம் முடிந்ததும் பாத்ரூமுக்கு யாரும் தனியாகப் போக மாட்டார்கள். அதிலும் சிவப்பு நிறம் எங்கெல்லாம் வருகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். மங்கலான படம் முழுக்க அந்த ஒரு நிறத்தைத்தான் சொல்லிவைத்தாற்போல் துலக்கியிருப்பார்கள். மழை இரவுக்கு இன்னொரு படம் 2015-ல் வந்த 'டிமான்ட்டி காலனி'. நாலு நண்பர்கள் ஓர் அறையில் மாட்டிக்கொள்கிறார்கள். நாலைந்து பேர் ஒரே அறையில் போர்வைக்குள் உட்கார்ந்து பார்க்கும்போது அது நன்றாக வேலை செய்யும். சத்தமான படம் என்பதால் மழையோடு மல்லுக்கட்டவும் தெம்பு உண்டு. பெயருக்குரிய இடம் சென்னை ஆழ்வார்பேட்டையில் உண்மையிலேயே இருக்கிறது, அந்தப் பக்கம் வளர்ந்த தோழி யாராவது வந்திருந்தால் ராத்திரி முழுக்கக் கதை கேட்கலாம்.

'மலைப் பங்களாவில் பேய்' ரகத்தை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சினிமாக்காரர்களுக்கு ஊட்டி என்றாலே ஒன்று டூயட், இல்லாவிட்டால் பேய். 2002-ல் ஹிந்தியில் பெரிதாக ஓடிய 'ராஸ்' கூட ஊட்டி வீட்டுக் கதைதான். சமவெளியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது பயமாக இருக்கலாம். இங்கேயே இருப்பவருக்கு, கதாநாயகி நடு ராத்திரி ஸ்வெட்டர்கூட இல்லாமல் மெல்லிய நைட்டியில் தாழ்வாரத்தில் நடக்கும்போதே நம்பிக்கை போய்விடுகிறது. மலைதான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால், பேயே இல்லாத 'மூடுபனி' இருக்கிறது. 1980-ல் பாலு மகேந்திரா எடுத்தது, பிரதாப் போத்தனும் ஷோபாவும் நடித்தது, இளையராஜாவுக்கு 100-வது படம். 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளைகள், அது ஒரு கொலைகாரன் பாடும் பாட்டு என்று தெரிந்ததும் முழிப்பதைப் பார்க்க வேண்டுமே! பையன் இருக்கும்போது இது வேண்டாம்.

இனி பையனும் மாமியாரும். மாலை ஆறரைக்கு எல்லோருக்குமாக ஒரு படம், பையன் தூங்கிய பிறகு பெரியவர்களுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் படத்துக்கு 'கோகோ' (2017) நல்ல பொருத்தம். இறந்தவர்களை நினைத்து மெக்சிகோவில் கொண்டாடும் நாளில் நடக்கும் கார்ட்டூன் படம் அது. எலும்புக்கூடுகள் நிறைய வரும், ஆனால் பாட்டிகளும் தாத்தாக்களுமாக வருவதால் பையன் பயப்பட மாட்டான். நவம்பர் 2-ல் நம் ஊர்க் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றி, பூ வைத்துக் கும்பிடும் கல்லறைத் திருநாளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை அந்நியமாகவே தெரியாது. 'கோரலைன்' (2009) என்று ஒன்று சொல்வார்கள். அதுவும் குழந்தைப் படம்தான், ஆனால் கண்ணுக்குப் பதில் பொத்தான் தைத்த அம்மா வருவாள். ஒன்பது வயதுக்கு அது கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. எந்தப் படமானாலும் ஆரம்பத்தில் மூலையில் தெரியும் யு/ஏ 7+, 13+, 16+ குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'யாவரும் நலம்' (2009) பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கத் தோதானது. புது ஃபிளாட்டுக்குக் குடிவரும் கூட்டுக் குடும்பம். மதியம் 1 மணிக்கு டிவியில் ஓடும் சீரியலில் தன் வீட்டில் நடப்பதே கதையாக வருவதை மாதவன் கவனிக்கத் தொடங்குவார். லிஃப்ட் அவருக்கு மட்டும் நகராது. வீட்டுக்குள் ஃபோனில் எடுத்த படத்தில் அவர் முகம் மட்டும் கோணிப்போயிருக்கும். இதைக் காட்டுவதற்கு இயக்குநர் விக்ரம் கே. குமார் எந்தக் கூச்சலும் போடுவதில்லை, ஒளிப்பதிவு செய்த பி.சி. ஸ்ரீராமும் வீட்டை இருட்டடித்துப் பயமுறுத்துவதில்லை. பட்டப்பகலில், பால் காய்ச்சும் நேரத்தில் பயம் வருகிறது. இரண்டாம் பாதியில் சுத்தியல் ஒன்று வருகிறது, அதற்குள் பையன் படுக்கைக்குப் போயாக வேண்டும்.

தோழிகள் யாராவது "ஹாலோவீன் அன்னைக்கு ஹாலோவீன் படம்தான்" என்று சொல்வார்கள். 1978-ல் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' கதை நடப்பதும் அதே அக்டோபர் 31 இரவில்தான், ஒன்றரை மணி நேரப் படம். கையில் காசில்லாமல் எடுத்தது. கொலைகாரன் முகமூடி, கடையில் வாங்கிய ஸ்டார் ட்ரெக் கேப்டனின் முகமூடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தது. கலிஃபோர்னியாவில் வசந்த காலத்தில் படம்பிடித்ததால், உதிர்ந்த இலைகளுக்கும் பெயின்ட் அடித்துத் தெருவில் போட்டார்கள். இதைச் சொல்லிவிட்டுப் போட்டால் பழைய படம் என்ற அலுப்பு போய்விடும். பெரியவர்கள் தூங்கிய பிறகு போடுவதே நல்லது.

டிவியில் ஒரு பத்து நிமிட வேலை இருக்கிறது. 'விவிட்' என்ற பளபளப்பு மோடை விட்டு 'சினிமா' மோடுக்கு மாற்றுங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் 'எனர்ஜி சேவிங்' இருந்தால் அணைத்துவிடுங்கள், இருட்டு அறையில் அது படத்தை இன்னும் மங்கலாக்கிவிடும். ட்யூப்லைட் வேண்டாம். டிவிக்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்று எரிந்தால் கண் உறுத்தாது, கறுப்பும் கறுப்பாகத் தெரியும். சவுண்ட் மெனுவில் 'நைட் மோட்' இருந்தால் மழை வரும்போது போட்டுவிடுங்கள். மெல்லிய சத்தத்தைத் தூக்கி, திடீர்ச் சத்தத்தை அடக்கும். பக்கத்து அறையில் தூங்கும் மாமியாருக்கும் நல்லது. மழை இல்லாத இரவில் அது வேண்டாம், பயத்தையும் சேர்த்து அடக்கிவிடும்.

நெட்டை நம்பாதீர்கள். பகலிலேயே ஓடிடி ஆப்பில் டேப்லெட்டிலோ ஃபோனிலோ படங்களை டவுன்லோட் செய்து வையுங்கள். எந்தப் படம் எந்த ஆப்பில் இருக்கிறது என்பது அடிக்கடி மாறும், அதனால் இரண்டு நாள் முன்பே தேடிவிடுவது நல்லது. சரியாக ஓடுகிறதா பார்க்கலாம் என்று ப்ளே அழுத்திவிடாதீர்கள், சில படங்கள் அழுத்திய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் எல்இடி டிவியும் ரவுட்டரும் அதில் ஓடும். அதே லைனில் ரூம் ஹீட்டரைச் சொருகினால் இன்வெர்ட்டர் உடனே கையை விரித்துவிடும். குளிருக்கு என்று கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவை, ஜன்னலைச் சாத்திவிடவும் வேண்டாம். மலை ஊர்களில் தூக்கத்திலேயே உயிர் போன சம்பவங்கள் அப்படி நடந்தவைதான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் தெரியாது. எல்லோருக்கும் கம்பளி எடுத்துக் கொடுங்கள்.

பிள்ளைகள் பந்திப்பூர் வழியாக வருவதானால் அந்தச் சாலை இரவு 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத்தான் திறக்கும். வெளியூர் வண்டிக்கு இ-பாஸும் எடுத்திருக்க வேண்டும். அலுவலகம் முடித்துவிட்டுச் சாவகாசமாகக் கிளம்பினால் அவர்களுக்கு அன்றைக்குப் பேய்ப் படம் செக்போஸ்ட்டில்தான்.

பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைத்தால் அதை ஜன்னலுக்கு உள்ளே வையுங்கள். குடைந்து எடுத்ததையும் வாசலில் கொட்ட வேண்டாம். கோத்தகிரியில் கரடி எதற்கெல்லாம் வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லியாக வேண்டும். படம் முடிந்து நடு ராத்திரி "சும்மா ஒரு வாக்" என்று தோட்டத்துப் பக்கம் டார்ச்சோடு கிளம்பும் யோசனை அவர்களுக்குக் கண்டிப்பாக வரும்.

கடைசியாக, பேய்ப் படம் ஆகாத உங்கள் மாமியார். தொண்ணூறுகளில் சன் டிவியில் 'மர்மதேசம்' வந்தபோது அவர் பார்த்தாரா என்று கேளுங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், அதில் 'விடாது கருப்பு' ஓடிய காலத்தில் ராத்திரி வீட்டுக்கு வீடு அதே சத்தம்தான் கேட்கும். பேய்ப் படம் வேண்டாம் என்பவர்கள்கூட அதைத் தவறவிட்டதில்லை. இணையத்தில் தேடினால் கிடைக்கும், முதல் இரண்டு எபிசோடை மட்டும் போட்டுப் பாருங்கள். கருப்பு யார் என்பது அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும். பிள்ளைகளிடம் போட்டு உடைத்துவிடாமல் இருக்கச் சொல்லுங்கள்.