வாசகர் கேள்விகள்: தனி நாடாகிவிட்டால் காவிரிக்கு யாரிடம் போவது?

நம் வரிப்பணம் வடக்கே போகிறது, நம்மைக் கேட்காமலே சட்டம் போடுகிறார்கள். பேசாமல் தமிழ்நாடு தனி நாடாகிவிட்டால் என்ன என்று எங்கள் விடுதியில் தினமும் விவாதம் நடக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் ஐயா?
– கல்லூரி மாணவர், திருச்சி

கூடாது தம்பி. உங்கள் கோபத்தில் பாதிக்கு மேல் எனக்கும் உண்டு, அதைக் கடைசியில் பேசுவோம். முதலில் தண்ணீர். இந்த விவாதம் எங்கே நடந்தாலும் வரி வரும், மொழி வரும், ஆளுநர் வருவார், தண்ணீர் மட்டும் வரவே வராது. திருச்சியில் காவிரிக் கரையில் இருந்துகொண்டு நீங்களும் அதைக் கேட்கவில்லை பாருங்கள்.

காவிரி பிறப்பது குடகில். நமக்கு வரும் தண்ணீரை கர்நாடக எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளந்துதான் இந்த மாதம் இவ்வளவு வந்தது, இவ்வளவு பாக்கி என்று கணக்கு வைக்கிறார்கள். நடுவர் மன்றம் 2007இல் நமக்கு 192 டி.எம்.சி. என்றது, உச்ச நீதிமன்றம் 2018இல் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைத்ததில் டெல்டா விவசாயிகளுக்கு வந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனாலும் மழை பொய்த்த ஆண்டில் கர்நாடகம் கைவிரிக்கும்போது போய் நிற்க ஒரு நீதிமன்றம் இருக்கிறது, கணக்குக் கேட்க மேலாண்மை ஆணையம் இருக்கிறது. அவை சொல்வதை கர்நாடகம் முனகிக்கொண்டாவது கேட்டாக வேண்டும், ஏனென்றால் நாமும் அவர்களும் ஒரே அரசமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

தனி நாடான மறுநாள் காவிரி பன்னாட்டு ஆறு ஆகிவிடும். நாம் கீழே இருக்கும் நாடு, மேலே இருப்பது நம்மைவிடப் பல மடங்கு பெரிய நாடு. அப்போது என்ன நடக்கும் என்று ஊகிக்கவே வேண்டாம், வங்கதேசத்தைப் பார்த்தால் போதும். தீஸ்தா ஆற்றுக்கு 2011இல் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நிலைக்கு வந்து, மேற்கு வங்கம் மறுத்ததால் நின்றுபோனது. பாகிஸ்தானோடு போட்ட 1960ஆம் ஆண்டு சிந்து நதி ஒப்பந்தம் போர்களைத் தாண்டியும் நிலைத்தது, அதையே பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. சரியா தவறா என்பது வேறு விஷயம். நாடுகளுக்கு நடுவே ஓடும் தண்ணீர் அரசியல் சூட்டுக்கு ஏற்ப நிற்கும், ஓடும்.

அப்புறம் முல்லைப் பெரியாறு. அணை நிற்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். 1886இல் திருவிதாங்கூரோடு போட்ட 999 ஆண்டுக் குத்தகையின் பேரில் அதை இயக்குவது நம் ஊழியர்கள். தேக்கடியில் அவர்கள் மதகைத் திறந்தால்தான் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கி, தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போய்ச் சேரும். இப்போதே அணையின் நீர்மட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் வரை சண்டை. நாளை அந்த மதகு ஊழியர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியிருக்கும், அதுவும் அந்த நாடு அனுமதித்தால். பரம்பிக்குளமும் இதே கதைதான், அணை அங்கே, பாசனம் கோவை, திருப்பூர் பக்கம். சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் வருவது ஆந்திரத்திலிருந்து. இவ்வளவு ஆறுகளுக்கு அடுத்தவர் மேட்டை நம்பியிருக்கும் ஒரு நிலம் பிரிந்துபோவது தற்கொலை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்திய அரசமைப்புச் சட்டம் ஒரு மாநிலம் பிரிந்துபோக இடம் தருகிறதா?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

இல்லை. முதல் பிரிவே 'மாநிலங்களின் ஒன்றியம்' என்கிறது, வெளியேறும் வழி எந்தப் பிரிவிலும் கிடையாது. ஆனால் மூன்றாவது பிரிவின்படி ஒரு மாநிலத்தைப் பிரிக்கவோ, எல்லையை மாற்றவோ, பெயரை மாற்றவோ நாடாளுமன்றத்தால் முடியும். அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அதன் சம்மதம் தேவையில்லை. ஆந்திரச் சட்டமன்றம் மறுத்துத் தீர்மானம் போட்ட பிறகும் 2014இல் தெலங்கானா பிறந்தது. எனக்கு உறுத்துவது இந்த மூன்றாவது பிரிவுதான்.

எழுத்தில் உரிமை கொடுத்த நாடுகளும் உண்டு. சோவியத் ஒன்றியத்தின் 1977ஆம் ஆண்டு அரசமைப்பில் குடியரசுகள் விலகலாம் என்று இருந்தது, எத்தியோப்பியாவின் 1995ஆம் ஆண்டு அரசமைப்பில் இன்றும் இருக்கிறது. இருந்தும் எத்தியோப்பியாவின் டிக்ராய் மாநிலத்தில் 2020இல் போர் மூண்டது.

அண்ணா பயந்துபோய்த்தான் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார் என்கிறாரே என் மாமா, உண்மையா?
– வாசகர், காஞ்சிபுரம்

உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி, சட்டம் ஒரு காரணம்தான். 1963இல் வந்த 16ஆவது திருத்தம், தேர்தலில் நிற்பவர் எவரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தே ஆக வேண்டும் என்றது. இன்றும் வேட்புமனு கொடுப்பவர் தேர்தல் அதிகாரி முன் நின்று அதை வாசிக்கிறாரே, தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், அந்த உறுதிமொழி அப்போது வந்ததுதான். 1962 தேர்தலில் 50 இடம் பிடித்திருந்த கட்சி அதை மறுத்திருந்தால் அடுத்த தேர்தலே இல்லை.

ஆனால் அதற்கு முன்பே அந்தக் கோரிக்கை காலியாகிவிட்டது. திராவிட நாடு என்றால் நான்கு மொழி மக்களும் சேர்ந்து வர வேண்டும். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்த பிறகு தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் தங்களுக்கு வேண்டியது கிடைத்தது என்று இருந்துவிட்டார்கள், சென்னையிலிருந்து வந்த அழைப்பை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈ.வெ.கி. சம்பத் 1961இல் கட்சியை விட்டு விலகியபோது முக்கியமான சண்டையே இதில்தான். 1962 அக்டோபரில் சீனப் போர் வந்தது, பிரச்சாரம் நின்றது, மறு ஆண்டு கோரிக்கையும் நின்றது. கோரிக்கையை விட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பது அண்ணாவின் நிலை. பெரியார் உடன்படவில்லை, தனித் தமிழ்நாடு என்று 1973இல் கடைசிக் கூட்டம் வரை பேசினார்.

கைவிட்டதால் என்ன கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். 1967இல் ஆட்சி, 1968இல் இருமொழிக் கொள்கை, 1969 பொங்கல் முதல் 'தமிழ்நாடு' என்ற பெயர். இதைப் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்காட்லாந்தில் வாக்கெடுப்பு நடத்தினார்கள், செக்கோஸ்லோவாக்கியா சண்டையே இல்லாமல் இரண்டானது. நாகரிகமாகப் பிரிய முடியும்தானே?
– மென்பொருள் பொறியாளர், ஓசூர்

முடியும், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால். ஸ்காட்லாந்தில் 2014 செப்டம்பரில் 16 வயதுக்காரர்கள்கூட வாக்களித்தார்கள், 84.6% பேர் வந்தார்கள், 55.3% பேர் வேண்டாம் என்றார்கள். அது நடந்ததற்குக் காரணம் லண்டன் சம்மதித்தது. இரண்டாவது வாக்கெடுப்பை ஸ்காட்லாந்து தானாக நடத்த முடியாது என்று 2022இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சம்மதமில்லாமல் நடத்திய ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2017இல் வாக்குச்சாவடிக்குள் போலீஸ் புகுந்தது, தலைவர்கள் சிலருக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறை விதித்து, பிறகு 2021இல் மன்னித்தார்கள்.

செக், ஸ்லோவாக் கதை சுகமானது, ஆனால் அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1993 ஜனவரி 1இல் பிரிந்தார்கள், மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. பொதுச் சொத்தைப் பெரும்பாலும் மக்கள்தொகைப்படி இரண்டுக்கு ஒன்று என்று பங்கிட்டார்கள். நாணயத்தை மட்டும் கொஞ்ச காலம் பொதுவாக வைத்துக்கொள்வதாகத் திட்டம். ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. பணம் ஸ்லோவாக்கியாவிலிருந்து செக் பக்கம் ஓட ஆரம்பித்தது, பழைய நோட்டுகளின் மேல் ஸ்டாம்ப் ஒட்டி இது உன் நோட்டு, இது என் நோட்டு என்று பிரித்தார்கள். அன்பாகப் பிரிந்தவர்களுக்கே இந்தப் பாடு. நம் மாநிலத்தின் கடனும் ரயில்வேயும் துறைமுகங்களும் கல்பாக்கம், கூடங்குளம் அணு உலைகளும் யாருக்கு என்று உட்கார்ந்து பேச எத்தனை ஆண்டு ஆகும், அதுவரை பெங்களூரில் வேலை பார்க்கும் ஓசூர்க்காரர் தினமும் எந்தச் சோதனைச்சாவடியில் நிற்பார்?

தனி நாடு பற்றிப் பேசினாலே கைது செய்வார்களா?
– பெயர் வேண்டாம்

இப்படி விவாதிப்பதும், வேண்டாம் வேண்டும் என்று வரலாற்றைப் பேசுவதும் குற்றமல்ல. பிரிவினையை ஆதரித்து இயங்குவது 1967ஆம் ஆண்டு சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு. அதன் வாசகங்கள் தேவைக்கு மேல் அகலமாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு கொடுப்பதைக் கொடுத்துவிட்டு இருக்க வேண்டியதுதானா?
– பள்ளி ஆசிரியை, நாமக்கல்

இல்லவே இல்லை அம்மா. நாட்டு மக்கள்தொகையில் 2011 கணக்குப்படி நாம் ஏறக்குறைய 6%, 15ஆவது நிதிக் குழு வரிப் பகிர்வில் நமக்குக் கொடுத்தது 4.079%. செஸ், சர்சார்ஜ் என்று வசூலிப்பதில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. ஏழை மாநிலங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பீகார் குழந்தையும் படிக்க வேண்டும். பங்கே தராத வரியாகப் பார்த்துப் போடுவதுதான் அநியாயம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக 1967இல் நம் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆயின, மறுபடி குறைப்பார்களோ என்ற அச்சம் நியாயமானது. உங்கள் துறையான கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில்தான் இருந்தது, நெருக்கடிநிலைக் காலத்தில் 42ஆவது திருத்தம் அதை மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது.

இதையெல்லாம் மாற்றக் கேட்டு நாம்தான் முதலில் ஆவணம் போட்டோம், 1969இல் ராஜமன்னார் குழு அமைத்து, 1974இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்டு. 2025இலும் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் ஒரு குழு அமைந்தது. நாம் விட்ட இடம் வேறு. பட்டியலை மாற்றும் திருத்தத்துக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அதோடு குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். 39 எம்.பி.க்களை வைத்துக்கொண்டு அது ஆகாது. கேரளம், கர்நாடகம், பஞ்சாப், மேற்கு வங்கம் என்று ஒவ்வொரு மாநிலமாகப் போய் உட்கார்ந்து, அவர்கள் மொழியில் பேசி, காவிரிக்குச் சண்டை போடும் கர்நாடகத்தையும் வரிப் பகிர்வுக்குக் கூட்டாளியாக்கும் வேலையை ஆண்டு முழுக்கச் செய்ய நம் கட்சிகளில் ஒன்றும் ஆள் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. மேடையில் முழங்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்று உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேளுங்கள், நான் என் தொகுதியில் கேட்கிறேன்.