எடிட்டிங்கும் போட்டோஷாப்பும் இணையத்திலேயே கற்றுக்கொள்ளலாம் என்றால், விஸ்காம் படிக்கக் கல்லூரிக்கு ஏன் போக வேண்டும்?

கேள்வி கேட்டவர் பள்ளி முடித்தவர். விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் (காட்சித் தொடர்பியல்) சேர ஆசை இருக்கிறது. ஆனால் படம் வரைய வராது, சொந்தமாகக் கேமரா இல்லை, மென்பொருளை யூடியூபிலேயே பழகிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நான் இதைப் படித்தவள், இந்தத் துறையிலேயே வேலை செய்பவள். மாணவர்களின் வேலைகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும் அவ்வப்போது போகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மென்பொருளுக்காக மட்டும் சேர்வதாக இருந்தால் சேர வேண்டாம். உங்கள் நண்பர்கள் சொல்வது அந்த விஷயத்தில் சரி. எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம், அதுவும் நீங்கள் படித்து முடிப்பதற்குள் பாதி மாறியிருக்கும். வீட்டில் தனியாக இருந்தால் கிடைக்காத ஒன்று கல்லூரியில் இருக்கிறது. நீங்கள் செய்ததை, அதைச் செய்யாதவர்களின் கண்ணால் பார்க்கும் பழக்கம் அது.

அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். நல்ல வகுப்பு ஒன்றில் எல்லோருடைய போஸ்டரையும் வரிசையாகச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். ரத்த தானத்துக்கான போஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் தங்கள் கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது என்று மட்டும் சொல்ல வேண்டும். நடுவில் அழகாக வரைந்த பெரிய சிவப்புத் துளி இருக்கும், ஆனால் ஐந்து பேரில் மூன்று பேர் முதலில் பார்த்தது மூலையில் மஞ்சளில் இருக்கும் முத்திரையை என்பார்கள். முகாம் எந்தத் தேதியில் நடக்கிறது என்பதைக் கடைசியில்தான் கண்டுபிடித்திருப்பார்கள். ஒருவர் தேதியைப் பார்க்கவே இல்லை என்பார். போஸ்டரைச் செய்தவர் அங்கேயே நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்க வேண்டும். "நல்லா இருக்கு" என்று வீட்டில் சொல்வார்கள், சமூக ஊடகத்தில் இதயக் குறி போடுவார்கள். தேதியைப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாரா வாரம் இப்படி நடந்தால், அடுத்த முறை வேலை செய்யும்போதே அந்த ஐந்து பேரும் மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இந்தப் படிப்பின் பெரும் பலன் இதுதான் என்பது என் கருத்து.

படம் வரைய வராது என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கதைப்பலகை (எடுக்கப்போகும் காட்சிகளை ஷாட் ஷாட்டாக வரைந்துவைக்கும் ஸ்டோரிபோர்டு) போடக் குச்சி மனிதர்கள் போதும். யார் எங்கே நிற்கிறார், கேமரா எங்கிருந்து பார்க்கிறது என்று புரிந்தால் சரி. ஓவியர் அல்லாதவர்கள் இந்தத் துறையில் பெரிய காரியங்களைச் செய்திருக்கிறார்கள். லண்டன் சுரங்க ரயிலின் வரைபடத்தை 1931-இல் புது வடிவத்தில் போட்ட ஹாரி பெக், மின்சுற்றுப் படங்கள் வரையும் தொழில்நுட்ப வரைவாளர். அதற்கு முன் இருந்த வரைபடங்கள் பாதைகளை நிலத்தில் உள்ளபடியே வளைத்து வளைத்துக் காட்டின. நகரின் நடுப்பகுதியில் நிலையங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். சுரங்கத்துக்குள் பயணம் செய்பவருக்கு மேலே தெரு எப்படி வளைகிறது என்பது எதற்கு என்று அவர் யோசித்தார். எல்லாக் கோடுகளையும் கிடையாக, செங்குத்தாக அல்லது 45 பாகைச் சாய்வில் போட்டார். தேம்ஸ் நதியைத் தவிர மேலே உள்ள மற்றதையெல்லாம் எடுத்துவிட்டார். முதலில் நிராகரித்தார்கள், 1933-இல் அச்சிட்டார்கள், மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். இன்று உலகத்தின் பல மெட்ரோ வரைபடங்கள் அந்த வழியில்தான் போகின்றன. இதில் கை வண்ணம் எங்கே இருக்கிறது? எதை விடலாம் என்று முடிவு செய்ததுதான் முழு வேலையும்.

இன்னொருவர் ஆட்டோ நியூராத், சமூகவியல் அறிஞர். 1920-களில் வியன்னாவில் புள்ளிவிவரங்களைச் சாதாரண மக்களுக்குப் படமாகக் காட்ட ஒரு முறையை உருவாக்கினார். படங்களைச் செய்து கொடுத்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர். அளவு அதிகமானால் உருவத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவு உருவங்களை அதிகம் போட வேண்டும் என்பது அதில் அடிப்படை விதி. காரணம் எளிமையானது. ஒரு மனித உருவத்தை இரண்டு மடங்கு உயரமாக்கினால் அகலமும் சேர்ந்து கூடிப் பரப்பு நான்கு மடங்காகிவிடும், பார்ப்பவரின் கண் அதை நான்காகத்தான் எடுத்துக்கொள்ளும். இன்றைக்கும் செய்திகளில் இந்தத் தவறு தினமும் வருகிறது. இதைப் படித்த பிறகு உங்களால் அதைப் பார்க்காமல் கடந்துபோக முடியாது.

கேமராவுக்கு வருவோம். சொந்தக் கேமரா தேவையில்லை, நல்ல துறையாக இருந்தால் முறை வைத்துக் கொடுப்பார்கள். ஆனால் கையில் கிடைத்ததும், எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோவில் போடாமல், நீங்களே முடிவு செய்யும் மேனுவலில் எடுங்கள். எஃப் எண் லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பது, எண் சிறிதானால் துளை பெரிது. நொடிக் கணக்கு அது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. எஃப் 4, 1/125 நொடி என்று வைத்து ஒரு படம் எடுங்கள். ஒளிக்கு கேமரா எவ்வளவு நுட்பமாக எதிர்வினை செய்கிறது என்பதைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தொடாமல் எஃப் 2.8, 1/250 என்று மாற்றி இன்னொன்று. பிறகு எஃப் 16, 1/8. மூன்றிலும் உள்ளே வரும் ஒளியின் அளவு ஒன்றுதான், எனவே மூன்றும் ஒரே பிரகாசத்தில் இருக்கும். ஆனால் ஓடிவரும் குழந்தையை எடுத்திருந்தால், ஒன்றில் குழந்தை காற்றில் உறைந்து நிற்கும், பின்னணி கலங்கியிருக்கும். மற்றொன்றில் பின்னணியின் ஒவ்வொரு செங்கலும் தெரியும், குழந்தை ஒரு கோடாக இழுபட்டுப் போயிருக்கும். ஒரே இடம், ஒரே வெளிச்சம், மூன்று வெவ்வேறு கதைகள். இதில் எது வேண்டும் என்று கேமராவுக்குத் தெரியாது. முதல் வருடம் முழுக்க இந்த ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் நஷ்டமில்லை.

எடிட்டிங் வகுப்பில் குலெஷோவ் என்ற ரஷ்யத் திரைப்பட இயக்குநரின் பெயரைக் கண்டிப்பாகக் கேட்பீர்கள். சுமார் நூறு வருடங்களுக்கு முன் அவர், உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டி, ஒரு பெண் என்று வெவ்வேறு ஷாட்டுகளோடு அதே முகத்தை ஒட்டிக் காட்டியதாகச் சொல்வார்கள். பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் அந்த முகத்திலேயே கண்டு அவருடைய நடிப்பைப் பாராட்டினார்களாம். இதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நண்பர் ஒருவரை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பத்து நொடி சும்மா பார்க்கச் சொல்லி மொபைலில் எடுத்து, நீங்களே ஒட்டிப் பாருங்கள். இரண்டு ஷாட்டுக்கு நடுவில் இருக்கும் வெட்டில் அர்த்தம் பிறப்பதை உங்கள் கையால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், பிறகு எந்த மென்பொருள் வந்தாலும் பயமில்லை.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மாணவர் படங்களில் பெரும்பாலும் கெட்டுப்போவது அதுதான். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்துவிடுவார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்பார்கள். வசனங்களுக்கு இடையே வெட்டிய இடங்களை நிரப்ப அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் தட்டும்.

தமிழில் டிசைன் செய்யப் போகிறவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் கைவிடும் இடம் ஒன்று உண்டு, எழுத்துரு. அங்கே சொல்லித் தரும் கணக்கு பெரும்பாலும் லத்தீன் எழுத்துகளுக்கானது. தமிழில் 'கீ', 'ளி' போன்றவற்றில் குறி மேலே சுழிக்கும், 'மு', 'ஞூ' போன்றவற்றில் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே வைத்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். சொற்களும் நீளம், இரண்டு சொல் தலைப்பே பலகையின் அகலத்தைத் தின்றுவிடும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழைத் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துரு கெட்டுப்போய்விட்டது என்று பலர் அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பதிப்புகளில் பெரும்பாலும் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' என்ற கம்போஸரை (எழுத்துகளைக் கோத்து வரி அமைக்கும் வசதி) தேர்வு செய்தாலே சரியாகிவிடும். தமிழ் எழுத்தை அக்கறையோடு கையாளத் தெரிந்த டிசைனர்கள் இன்னும் நிறைய வேண்டும். இதைச் சொல்லித் தரும் ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

தியரி பாடங்களை எல்லோரும் திட்டுவார்கள். நானும் அவற்றில் சிலதை மனப்பாடம் செய்துதான் எழுதினேன். ஆனால் வேலைக்கு வந்த பிறகு தினமும் கைகொடுப்பது அவைதான். கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1948-இல் எழுதிய தகவல் கோட்பாட்டில் இரைச்சல் என்று ஒன்றைச் சொல்வார், அனுப்பியதற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவில் புகுந்து கெடுப்பது. முன்பு சொன்ன போஸ்டரின் மூலையில் இருந்த அந்த மஞ்சள் முத்திரை ஓர் இரைச்சல். 1970-களில் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் இன்னும் ஒரு படி போனார். செய்தியைப் பெறுபவர் அதை அப்படியே ஏற்கலாம், பேரம் பேசி எடுத்துக்கொள்ளலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்றார். வாடிக்கையாளர் "மக்களுக்கு இது புரியாதே" என்று சொல்லும்போது, புரியவில்லையா அல்லது புரிந்தும் ஏற்கவில்லையா என்று பிரித்துக் கேட்க இந்தப் பாடம்தான் கற்றுத் தந்தது.

ஏஐ எல்லாவற்றையும் செய்துவிடுமே என்று சிலர் கேட்பார்கள். நூறு படம் கொடுக்கும், உண்மைதான். நூறில் எது வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்லத் தெரியாதவருக்கு நூறும் ஒன்றுதான். கைவேலை குறையக் குறைய, இது வேண்டும் இது வேண்டாம் என்று சொல்பவரின் பொறுப்பு கூடுகிறது.

யாருக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது என்றும் சொல்ல வேண்டும். இயக்குநர் ஆவதைத் தவிர வேறு எதிலும் மனம் போகாதவர்களுக்கு டிசைன், விளம்பரம், பத்திரிகை, ஆய்வு முறை என்று வரும் தாள்கள் பாரமாக இருக்கும். தன் வேலையைப் பற்றி ஒரு சொல் கேட்டாலும் தாங்காதவர்கள் சிரமப்படுவார்கள், ஆனால் அது பழகக்கூடியது. குழுவோடு ஒத்துப்போக முடியாதவர்களுக்குத்தான் உண்மையில் கஷ்டம். ஒரு குறும்படத்துக்கு ஆறு பேர் வேண்டும். லைட் பிடிப்பவர் வராவிட்டால் அன்றைய நாள் போச்சு.

வேலையைப் பொறுத்தவரை, பட்டத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பை, அதாவது போர்ட்ஃபோலியோவைத்தான் கேட்கிறார்கள். செயலிகளுக்கான திரை வடிவமைப்பு, மோஷன் கிராஃபிக்ஸ் (எழுத்தையும் படத்தையும் அசையவைப்பது), எடிட்டிங், விளம்பரம், நிறுவனங்களின் உள் தகவல் தொடர்பு என்று கிளைகள் நிறைய. எல்லாவற்றிலும் கொஞ்சம் கை வைத்துவிட்டு, கடைசி வருடத்துக்குள் ஒன்றில் ஊன்றிவிடுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் புதுக் கேமராக்களையும் காட்டுவார்கள். அந்தக் கேமராவை மாணவர் எத்தனை மணி வரை வெளியே எடுத்துப்போகலாம் என்று கேளுங்கள், கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்த கேமராவால் பயனில்லை. வகுப்பு முடிந்த பிறகும் லேப் திறந்திருக்குமா, பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேர் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். போன வருட மாணவர்களின் வேலைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பரிசு வாங்கிய இரண்டை மட்டும் காட்டினால், சராசரி மாணவர் செய்ததையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கப்போகும் பயிற்சி எப்படி என்று அதில்தான் தெரியும்.

சில கல்லூரிகளில் சேர்க்கையின்போதே உங்கள் வேலைகளைக் கொண்டுவரச் சொல்வார்கள். வரைந்தவைதான் வேண்டும் என்றில்லை, மொபைலில் எடுத்த படங்களும் போதும். முடிவாகத் தேர்ந்தெடுத்த படத்தோடு, அதே காட்சியை எடுத்து நீங்கள் ஒதுக்கிய மூன்று நான்கு படங்களையும் சேர்த்து வையுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அவற்றைக் காட்டித்தான் கேள்வி கேட்பார், ஏன் ஒதுக்கினீர்கள் என்று.