பள்ளி திரும்பும் மகளுக்காக யாரிடம் என்ன சொல்வது?

ரத்தப் புற்றுநோய் திரும்பாதிருக்கத் தொடர்ந்து தரும் பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கும் உங்கள் மகள் பள்ளிக்குத் திரும்பும்போது, மற்றப் பெற்றோரிடம் எதைச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். என் மகனுக்கும் இதே நோய்தான். நாங்கள் மறைத்தோம், அது தவறாகப் போயிற்று. முடி முளைக்கத் தொடங்கிய தலையிலிருந்து அவன் தொப்பியைக் கழற்றிய அன்று, பக்கத்து இருக்கைச் சிறுவன் “தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா?” என்று கேட்டிருக்கிறான், இவனுக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே, இது தொற்றுநோய் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியமாக, வகுப்பில் எவருக்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே தெரிவிக்கவும், மகளுக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் கண்டால் மாத்திரை கொடுத்துக் காத்திராமல் உடனே உங்களை அழைக்கவும் ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் உடலில் தொற்று சில மணி நேரத்திலேயே முற்றிவிடும். குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான செப்டம்பரில் அணியும் தங்க நிற ரிப்பனெல்லாம் பிறகு, அதுவும் மகள் விரும்பினால் மட்டும்.